07/10/2020ன்னா எந்த மாசம்?

காலையில அஞ்சரை மணிக்கு போன் அடிச்சா எங்க வீட்டுல எல்லாருக்கும் வயித்தக் கலக்கும். சொந்தத்துல வயசானவங்க நாலஞ்சு பேரு படுக்கையில கெடக்காங்க, அந்த நேரத்துக்கு போன் வந்தா மாலை வாங்கிட்டு கெளம்ப வேண்டியதுதான்னு பழகிப்போச்சு. ஆனா அன்னைக்கு அடிச்சது என் தங்கச்சி, நியூஜெர்சிலேந்து. அங்க அப்ப ராத்திரி எட்டு மணி. "அக்கா, பாப்பாவோட ஊசி கார்டு எங்கக்கா இருக்கு, ஸ்கூல்ல கேக்குறாங்க, அது இல்லாம கிளாஸ்ல உக்கார விட மாட்டாங்களாம்"னு அழுவாத கொறையா சொல்றா. சாவு சேதி இல்லன்னு ஒரு நிம்மதி, அதுக்கப்புறம்தான் அவ என்ன கேக்குறான்னே மண்டையில ஏறுச்சு.

தங்கச்சி வீட்டுக்காரர் அமெரிக்கா போயி ரெண்டு வருஷம் ஆச்சு, விசா இழுத்து இழுத்து இவளும் பாப்பாவும் 2025 ஜூலையிலதான் போனாங்க. அதுவரைக்கும் பாப்பா இங்கதான், எங்க அம்மா வீட்டுல, நீடாமங்கலம் பக்கத்துல கோரையாத்தங்கரையில. தலப்பிரசவம் அம்மா வீட்டுலதானே, 2020 ஆகஸ்ட் 20ந்தேதி, ஆஸ்பத்திரிக்குள்ள கூட ஒரே ஒரு ஆளுதான் இருக்கலாம்னு சொன்ன கொரோனா காலம், நாங்கல்லாம் வெளிய வேப்பமரத்தடியில மாஸ்க்கப் போட்டுக்கிட்டு நின்னோம். பொறந்த அன்னைக்கே காசநோய்க்கு பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சக்காமாலை ஊசி மூணும் போட்டாச்சு. அதுலேந்து இங்க பால்வாடி, இங்க எல்கேஜி, எல்லா ஊசியும் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல, எல்லாம் ஓசியில, எதையும் விடல. அதனால எனக்கு பயமே இல்ல. ஊசி போட்டாச்சு, கார்டு இருக்கு, அனுப்பினா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு முடிய.

இதுல பெரிய அசிங்கம் என்னன்னா நான் ஜெராக்ஸ் கடைக்காரி. நீடாமங்கலத்துல பதினோரு வருஷமா கடை. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. தங்கச்சி கெளம்பறதுக்கு முன்னாடி எல்லா பேப்பரையும் நான்தான் ரெண்டு ரெண்டு காப்பி எடுத்து ஃபைல் போட்டுக் கொடுத்தேன். பர்த் சர்டிபிகேட்ட ரெண்டு பக்கமும் எடுத்தேன், கல்யாண சர்டிபிகேட்ட எடுத்தேன், மாப்பிள்ளையோட பிளஸ் டூ மார்க் ஷீட்ட கூட எடுத்தேன், அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. தாய் சேய் அட்டைய, அதான் அந்த ஊசி கார்ட, மட்டும் முன்பக்கம் ஒன்னு எடுத்துட்டு விட்டுட்டேன். முன்பக்கத்துல பேரும் அட்ரஸும் நம்பரும்தான் இருக்கும், ஊசி போட்ட தேதியெல்லாம் உள்பக்கத்துல. ஒரிஜினல இங்கயே வச்சுட்டுப் போயிட்டா. யார குத்தம் சொல்றது.

கடையில இருக்குற எனக்கு இன்னொன்னும் தெரியும், நம்ம ஊர்ல யாரு எந்த பேப்பர எப்படி வச்சிருப்பாங்கன்னு. ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்குறப்ப கடையில நிக்க எடம் இருக்காது. ரேஷன் கார்டு லேமினேஷன்ல பளபளன்னு இருக்கும், ஆதார் பர்ஸுல இருக்கும், சாதிச் சான்று பத்திரமா பாலிதீன் கவருல இருக்கும், பத்திரம் பட்டாவெல்லாம் பேங்க்குல இருக்கும் (அது வேற கதை). ஊசி கார்டு மட்டும் நாலா மடிச்சு மடிப்புல கிழிஞ்சு, மஞ்சக்கறையும் எண்ணெயுமா, அரிசி டப்பா மேலேந்து எடுத்துட்டு வருவாங்க. அதுவும் நூத்துக்கு பத்து பேரு கொண்டு வந்தா பெருசு. ஏன்னா இங்க எந்த ஸ்கூலும் அத நெசமா பாக்குறதில்ல. பிரைவேட் நர்சரி அப்ளிகேஷன்ல ஒரு வரி இருக்கும், தடுப்பூசி போடப்பட்டதா ஆம் இல்லைன்னு. நானே எத்தனையோ பேருக்கு பூர்த்தி பண்ணிக் கொடுத்திருக்கேன், "போட்டீங்களா"ம்பேன், "எல்லாம் போட்டாச்சு"ம்பாங்க, ஆம்ல ஒரு டிக். அவ்வளவுதான் சோதனை. பாப்பாவ எல்கேஜி சேர்த்தப்பவும் அதே டிக்தான், அதையும் போட்டது நான்தான்.

ஒரு தடவ வலங்கைமான் ரோட்டுலேந்து ஒரு அம்மா வந்து, கொழந்தைக்கு மூணரை மாசம், கார்ட லேமினேஷன் பண்ணிக் கொடுங்கன்னாங்க. நானும் புத்தியில்லாம பண்ணிக் கொடுத்துட்டேன், முப்பது ரூபா. ஒம்பதாவது மாசம் ஊசிக்குப் போனப்ப நர்சம்மா எதுல எழுதுவாங்க? பிளாஸ்டிக் மேல மார்க்கர்ல எழுதி அனுப்பிருக்காங்க, அது வீடு போயி சேர்றதுக்குள்ள அழிஞ்சு போச்சு. அந்தம்மா வந்து என்கிட்ட சண்ட. அன்னையிலேந்து ஊசி கார்டு லேமினேஷன் கேட்டா, அஞ்சு வயசு ஊசி முடிச்சிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவேன்.

சரி கார்டுக்கு வரேன். அம்மாவுக்கு போன் பண்ணா, "நான் எங்கடி எடுத்தேன், உன் தங்கச்சிதான் வச்சா"ங்குறா. பீரோ, டிரங்கு பெட்டி, சாமி ரூம்பு அலமாரி, எல்லாத்தையும் கொட்டியாச்சு. அப்பாவோட பழைய கோவாபரேட்டிவ் சொசைட்டி ரசீது 1994லேந்து இருக்கு, கார்டு இல்ல. கடைசியில அப்பாயிதான், தொண்ணூறுக்கு பக்கமா வயசு, திண்ணையில உக்காந்தபடியே, "ஜாதகப் பையில பாருங்கடி, புள்ள பேரு எழுதியிருந்துச்சு, நான்தான் அதுல சொருவுனேன்"னுது. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாப்பாவோட ஜாதகத்துக்கும் கார்டுக்கும் ரெண்டுலயும் தேதி கட்டங்கட்டமா இருக்குல்ல, ஒரே ஜாதின்னு நெனச்சிருக்கும். அப்பாயி கையில அம்மை குத்துன தழும்பு ரெண்டு இருக்கு, காசு அகலத்துக்கு வட்டமா. அம்மை குத்துறவரு ஊருக்குள்ள வந்தா பிள்ளைங்கள்லாம் வைக்கப்போருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குமாம், அவங்க அப்பா புடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துனாராம். பெரியம்மையில அதோட தங்கச்சி செத்துப் போனது. இந்தியாவுல கடைசியா பெரியம்மை வந்தது 1975ல, ஒலகத்துலயே இல்லன்னு 1980ல அறிவிச்சாங்க, எங்க அப்பாயி அத நம்புறதா இல்ல, "அவ எங்கயும் போவல, ஒதுங்கியிருக்கா"ங்கும்.

கார்ட விரிச்சு டேபிள் லைட்டுல வச்சு தெளிவா போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். மறுநாள் காலையில திரும்ப போன். இந்த தடவ அழுவல, கோவத்துல இருக்கா. ஸ்கூல்ல கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்களாம், பாப்பாவுக்கு மூணு ஊசி செல்லாதுன்னு வந்துருச்சாம். காரணம்? ரெண்டு ஊசி பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே போட்டிருக்காம்! மூணாவது, பொறந்து இருவத்தி மூணு நாள்ல போட்டிருக்காம்.

எனக்கு கொஞ்ச நேரம் ஒன்னும் புரியல. அப்புறம் கார்ட எடுத்துப் பாத்தேன். ஆறு வாரத்து ஊசி, பெண்டா ஒன்னு (அஞ்சு நோய்க்கு சேத்து ஒரே ஊசி, அதுல முதல் தடவ), தேதி 07/10/2020. நமக்கு அது அக்டோபர் 7, புதன்கிழமை. அமெரிக்காக்காரனுக்கு மாசம் முதல்ல, தேதி ரெண்டாவது, அவன் படிச்சா ஜூலை 10. பாப்பா வயித்துக்குள்ள இருக்கா. பத்து வாரத்து ஊசி 04/11/2020, அவனுக்கு அது ஏப்ரல் 11. பதினாலு வாரத்து ஊசி டிசம்பர் 2 போட்டிருக்கணும், ஆனா அந்த வாரம் புரெவி புயலு, நிவர் அடிச்சு ஓஞ்சு ஒரு வாரம் கூட ஆவல, வயலெல்லாம் ஏரியா கெடந்துச்சு, தெருவுல முழங்கால் தண்ணி, பிள்ளையத் தூக்கிட்டு எங்க போறது. அடுத்த புதன் போயி போட்டோம், 09/12/2020. அவன் கணக்குல செப்டம்பர் 12. புயலுக்கு ஒரு வாரம் தள்ளிப் போட்டதுனால அந்த ஒரு ஊசி மட்டும் பொறந்ததுக்கு அப்புறம் போட்டதா ஆயிருச்சு, ஹா ஹா. பொறந்த தேதியும் 19/01/2022ம் மட்டும் தப்பிச்சிருச்சு, ஏன்னா பத்தொம்பதாவது மாசம்னு ஒன்னு அவன் ஊர்லயும் கெடையாது. அத பாத்தாவது மத்ததுலயும் தேதிதான் முன்னாடி இருக்குன்னு தோணியிருக்க வேணாமா, டைப் பண்ண ஆளுக்கு தோணல. நானும் டைப்பிங் வேலதான் செய்றேன், இந்த மாதிரி தப்பு எங்க கடையில பண்ணா ஊர்க்காரங்க கடைய எரிச்சிருவாங்க.

தங்கச்சி போயி சொன்னதுக்கு, நீங்களா சொன்னா ஏத்துக்க முடியாது, டாக்டர் கையெழுத்து போட்டு இங்கிலீஷ்ல எழுதி வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க. வெளிநாட்டுலேந்து வர்ற பிள்ளைங்களுக்கு பேப்பர் கொண்டு வர 30 நாள் டைம் உண்டாம், அதுவரைக்கும் கிளாஸுக்கு வரலாம், அதுக்குள்ள வரலன்னா வீட்டுல உக்கார வேண்டியதுதான். அங்க அது சட்டம். அமெரிக்காவுல எல்லா மாநிலத்துலயும் ஸ்கூல் சேர ஊசி போட்டிருக்கணும்னு சட்டம் இருக்கு, டே கேர்ல விடுறதுக்கும் அதேதான். நியூஜெர்சில அஞ்சு வயசுக்குள்ள டே கேர் போற கொழந்தைன்னா வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி கூட டிசம்பர் முடியறதுக்குள்ள போட்டுக் காட்டணும். உடம்பு காரணம் டாக்டர் எழுதிக் கொடுத்தா விலக்கு உண்டு, நியூஜெர்சில மத காரணம் சொன்னாலும் விலக்கு உண்டு, கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அந்த மாதிரி விலக்க எடுத்துட்டாங்க. 2025 ஆரம்பத்துல டெக்சாஸ்ல தட்டம்மை பரவி, ஊசி போடாத ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்க செத்தே போச்சு. 2000த்துலயே எங்க நாட்டுல தட்டம்மை ஒழிஞ்சுதுன்னு சொன்ன நாடு அது. அதனால அவங்க கெடுபிடியா இருக்குறதுல எனக்கு வருத்தம் இல்ல. தேதிய ஒழுங்கா படிங்கன்னுதான் சொல்றேன்.

இங்க நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டமே கெடையாது. ஊசி போடலன்னு ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது, வயசு சான்று இல்லன்னா கூட சேர்த்துத்தான் ஆகணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. அப்புறம் எப்படி நம்ம ஊர்ல பிள்ளைங்க எல்லாம் ஊசி போட்டுக்குதுங்க? நர்சம்மாதான். கிராம சுகாதார செவிலியர்னு பேப்பர்ல எழுதுவாங்க, ஊர்ல நர்சம்மா. புதன்கிழமைன்னா ஊசி நாள், அது எங்க ஊர்ல வெள்ளிக்கிழமை கோயில் மாதிரி, சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போன் வரும், "நாளைக்கு உங்க பேத்திக்கு டியூ இருக்கு, தூக்கிட்டு வந்துருங்க". வரலன்னா வியாழக்கிழமை ஸ்கூட்டியில வீட்டு வாசல்ல நிப்பாங்க. நடவுக்குப் போயிட்டேன்னா வயலுக்கே வந்து வரப்புல நின்னு கத்துவாங்க. எங்க தெருவுல ஒருத்தரு பிள்ளைக்கு காய்ச்சல் வந்துருச்சு இனிமே ஊசியே வேணாம்னு கதவ சாத்திக்கிட்டாரு, நர்சம்மா நேரா அவரு மாமியார் ஊருக்கு போன் போட்டு மாமியார வரவழைச்சு வேலைய முடிச்சிட்டாங்க. எந்த ஊரு சட்டத்துக்கு இந்த சாமர்த்தியம் வரும் சொல்லுங்க.

அந்த நர்சம்மா போன வருஷம் ரிடையர் ஆயிட்டாங்க. மன்னார்குடி பக்கத்துல சொந்த ஊருக்குப் போயிட்டாங்க. புதுசா வந்தவங்க நல்ல பொண்ணு, நான் விஷயத்த சொன்னதும் கர்ப்பமா இருந்தப்ப கொடுத்த பன்னெண்டு இலக்க நம்பர கேட்டுச்சு, அது பர்த் சர்டிபிகேட் வாங்கவே வேணும்ல, கம்ப்யூட்டர்ல தட்டுச்சு, வந்துருச்சு. ஆனா 2021 ஜூன்ல போட்ட ஊசி மட்டும் அதுல ஏறல. அது முழு ஊரடங்கு சமயம், நர்சம்மாவையே கொரோனா வார்டு வேலைக்கு அலைய விட்டுருந்தாங்க, பதிவு விட்டுப்போச்சு. கார்டுல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்ல. டாக்டரம்மா ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கையெழுத்து போடுவேன்னுட்டாங்க, அவங்க சொல்றதும் சரிதான்.

பஸ் புடிச்சு மன்னார்குடி போனேன். பழைய நர்சம்மா கொல்லையில முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. சொன்னதும் கைய தொடச்சிட்டு உள்ள போயி நீள நோட்டு ஒன்னு எடுத்துட்டு வந்தாங்க, காலிகோ பைண்டு, மூலையெல்லாம் கரையான் அரிச்சது. ஆபீஸ் ரிஜிஸ்டர ஒப்படைச்சிட்டாங்களாம், இது அவங்க சொந்தமா எழுதி வச்சுக்கிட்டது. தெருவாரியா, வீட்டுவாரியா. எங்க அம்மா பேரு, தங்கச்சி பேரு, பாப்பா பொறந்தப்ப எடை, ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பக்கத்துல அவங்களுக்கு மட்டும் புரியுற குறிப்பு. 09/06/2021க்கு நேரா "வாசல்ல வச்சு, தாத்தா இருமல், டெஸ்ட் சொன்னேன்"னு எழுதியிருக்கு. எங்க அப்பாவுக்கு கொரோனா வந்த வாரம். நாங்களே மறந்துட்டோம். அவங்க சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நோட்ட கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரல எனக்கு. அவங்க காபி போட்டுக் கொடுத்தாங்க, முருங்கக்கீரையும் ஒரு கட்டு கொடுத்தனுப்பினாங்க.

அந்த பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து (ரெண்டு பக்கமும்!) டாக்டரம்மாகிட்ட கொடுத்து, நானே கடையில உக்காந்து இங்கிலீஷ்ல டைப் பண்ணேன். மாசத்தையெல்லாம் எழுத்துலயே அடிச்சேன், எண்ணே வேணாம், 7 அக்டோபர் 2020, 4 நவம்பர் 2020, 9 டிசம்பர் 2020ன்னு. பெண்டான்னு வெறுமன போட்டா அங்க புரியாதுன்னு அதுல இருக்குற அஞ்சையும் பிரிச்சுப் போட்டேன், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சக்காமாலை பி, அப்புறம் ஹிப்புன்னு நிமோனியா கொண்டு வர்ற ஒரு கிருமி. இந்த அஞ்சும் ஒரே ஊசியா 2011 டிசம்பர்ல நாட்டுலயே முதல்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் வந்துச்சு, என் பையன் 2010ல பொறந்தவன், அவனுக்கெல்லாம் மஞ்சக்காமாலைக்கு தனியா ஒரு குத்து. அடுத்தது மூளைக்காய்ச்சல் ஊசி, ஜேஇ. அங்க ஸ்கூல் ஃபார்ம்ல அதுக்கு கட்டமே இல்லையாம். நெல்லு வயல் தண்ணியில முட்ட போடுற கொசுவால வர்ற காய்ச்சல், நம்ம மாவட்டத்துக்கெல்லாம் அந்த ஊசி உண்டு, நியூஜெர்சில யாரு நடவு நடுறா.

இப்ப வந்துச்சு வில்லங்கம். ஒம்பது மாசத்து தட்டம்மை ரூபெல்லா ஊசி, 09/06/2021. இத அமெரிக்கா மாதிரி தப்பா படிச்சா செப்டம்பர் 6, 2021, பாப்பாவுக்கு ஒரு வயசு முடிஞ்சு பதினேழு நாள். சரியா படிச்சா ஜூன் 9, ஒம்பதரை மாசம். அங்க ஒரு வயசுக்கு முன்னாடி போட்ட தட்டம்மை ஊசி ஸ்கூல் கணக்குல வராது! மத்த மூணும் தப்பா படிச்சதால செல்லாம போச்சு, இது ஒன்னு மட்டும் தப்பா படிச்சதால செல்லுது. தங்கச்சி மெதுவா கேக்குறா, "அக்கா, அத மட்டும் எண்லயே போட்டுரேன், அவங்களே ஏத்துக்கிட்டதுதானே, எதுக்கு இன்னொரு ஊசி குத்தணும் பிள்ளைக்கு?"

நெசமா சொல்லணும்னா ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டேன், அந்த மாதிரி போடலாமான்னு இல்ல, ஏன் அங்க செல்லாதுன்னு. அவங்க சொன்னாங்க, அம்மாகிட்டேந்து கொழந்தைக்கு வந்த எதிர்ப்பு சக்தி ரத்தத்துல கொஞ்ச மாசம் இருக்கும், அது இருக்குறப்ப ஊசி போட்டா சில கொழந்தைக்கு ஊசி சரியா புடிக்காது, ஒரு வயசுக்கு மேல போட்டா நல்லா புடிக்கும். அப்ப நம்ம ஊர்ல ஏன் ஒம்பது மாசத்துல போடுறீங்கன்னேன். நம்ம ஊர்ல ஒரு வயசுக்குள்ளயே தட்டம்மை வந்துரும், அந்த வயசுல வந்தா உயிருக்கு ஆபத்து ஜாஸ்தி, ஒரு வயசு வரைக்கும் காத்திருக்க முடியாது, அதனாலதான் முன்னாடியே ஒன்னு போட்டுட்டு, புடிக்காதவங்களுக்கும் சேத்து பதினாறாவது மாசத்துக்கு மேல ரெண்டாவது போடுறோம்னாங்க. அங்க நோய் கம்மி, காத்திருக்கலாம், இங்க முடியாது. ரெண்டுமே சரிதான்.

அதோட முடியல. "அவங்களுக்கு பொன்னுக்கு வீங்கி ஊசியும் சேந்து வேணும்மா, நம்ம கவர்மெண்ட் ஊசியில அது கெடையாது, தட்டம்மையும் ரூபெல்லாவும்தான். எப்படியும் அங்க மூணும் சேந்த எம்எம்ஆர் ஊசி ஒன்னு போட்டே ஆகணும், அந்த ஒன்னுலயே தட்டம்மை கணக்கும் நேராயிடும்"னாங்க. ஆக மறைச்சாலும் ஒரு ஊசி, சொன்னாலும் ஒரு ஊசி! தங்கச்சிகிட்ட சொன்னதும் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அம்மா என்னமோ ஏதோன்னு கொல்லையிலேந்து ஓடி வந்தா. பொன்னுக்கு வீங்கின்னா நமக்கெல்லாம் என்ன, கழுத்துல தங்கச் செயின போட்டு விட்டு பத்து நாள் ஸ்கூலுக்கு லீவு. எனக்கு வந்தப்ப அடகுல இருந்த செயின மீட்டுட்டு வந்து போட்டாங்க, ஊசியே போட்டிருந்தா வட்டி மிச்சமாயிருக்கும்.

சின்னம்மை இன்னொன்னு. பாப்பாவுக்கு மூணு வயசுல அம்மை போட்டுச்சு, பங்குனி மாசம், வேப்பெல, மூணு தண்ணி, வலங்கைமான் மாரியம்மனுக்கு வேண்டுதல், எல்லாம் முறையா செஞ்சோம். டாக்டர்கிட்ட போகவே இல்ல, போனா ஆத்தா கோச்சுக்குவான்னு அப்பாயி தடை உத்தரவு. இப்ப அதுக்கு ஆதாரம் வேணும்னா மாரியாத்தாகிட்டயா லெட்டர் வாங்க முடியும்? ஆச்சரியம் என்னன்னா அதுக்கு மட்டும் அங்க பெத்தவங்க எழுதிக் கொடுத்தாலே போதுமாம், பிள்ளைக்கு வந்து போயிருச்சுன்னு. தேதிய நம்பாதவங்க இத நம்பிட்டாங்க.

போலியோவுலயும் ஒரு இடி. இவ்ளோ சொட்டு குடிச்ச பிள்ளைக்கு அந்த சொட்டெல்லாம் அங்க கணக்குல வராதாம். 2016 ஏப்ரல்ல உலகம் பூரா சொட்டு மருந்துலேந்து ரெண்டாவது வகை வைரச எடுத்துட்டாங்க, அந்த வகை ஒழிஞ்சு போச்சுன்னு. அங்க மூணு வகைக்கும் பாதுகாப்பு வேணும்னு கேக்குறாங்க, அதனால 2016க்கு அப்புறம் குடிச்ச சொட்டு செல்லாது, அங்கத்த டாக்டர் ஊசியா போட்டு விட்டாரு. அப்புறம் நாலு வயசுக்கு மேல ஒரு டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூணுக்கும் சேத்து), நமக்கும் அஞ்சு வயசுல அது உண்டுதான், போறதுக்குள்ள வேள வரல. ஆஸ்பத்திரியில இடது கையில இருக்குற பிசிஜி தழும்ப பாத்து அந்த நர்சு இது என்ன காயம்னு கேட்டுச்சாம். காசநோய் ஊசின்னு சொன்னதும், அப்ப தோல்ல பண்ற டிபி டெஸ்ட் வேணாம், பிசிஜி போட்டவங்களுக்கு அதுல தப்பா காட்டும், ரத்தத்துல பாத்துக்கலாம்னு எழுதிக்கிட்டாங்களாம். நம்ம தலைமுறையில யாரு கைய பாத்தாலும் அந்த தழும்பு இருக்கும், அங்க அது பாஸ்போர்ட் மாதிரி.

இத எழுதுறப்ப 2017 ஞாபகம் வருது. பிப்ரவரியில எம்ஆர், அதாவது தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம், ஒம்பது மாசத்துலேந்து பதினஞ்சு வயசுக்குள்ள எல்லாருக்கும், ஸ்கூல்லயே வந்து போட்டாங்க. வாட்சப்புல ஒரே வாய்ஸ் மெசேஜு, அந்த ஊசி போட்டா ஆண்மை போயிரும், இந்த ஊசி வெளிநாட்டு சதின்னு. பையன அன்னைக்கு ஸ்கூலுக்கு அனுப்பாதன்னு மாமியார் சொன்னாங்க, நானும் அனுப்பல. ஆமா, நான்தான். ஜெராக்ஸ் கடையில அந்த மெசேஜ பிரிண்ட் போட்டுக் கேட்டு வந்தவங்களுக்கு பிரிண்டும் போட்டுக் கொடுத்தேன். தேதிய நீட்டிச்சு ரெண்டாவது சுத்து வந்தப்பதான் நம்ம நர்சம்மா கடைக்கே வந்து, "உம் பையன் பேரு மட்டும்தான் இந்த தெருவுல மிச்சம்"னு நின்னாங்க. கஸ்டமர் முன்னாடி மானம் போச்சு, மறுநாளே அனுப்பிட்டேன். அன்னைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தா நான் அனுப்பியிருப்பேனான்னு கேட்டா, கோவத்துல இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்திருப்பேன்னுதான் தோணுது. ஆனா ஸ்கூல்ல கார்ட ஒரு தடவ வாங்கிப் பாத்து, இன்ன ஊசி விட்டுப்போச்சு புதன்கிழமை போயி போட்டுட்டு வாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தா என்ன கொறஞ்சு போயிரும்? வெளிய நிறுத்த வேணாம், சீட்டு கொடுங்க போதும். புது நர்சம்மாவுக்கு மூணு ஊரு, ஒரு ஸ்கூட்டி, அதுவும் பாதி நாள் ரிப்பேரு.

லெட்டர் போயி சேந்து, எம்எம்ஆர் போட்டு, இருவத்தி ஆறாவது நாள் பாப்பாவுக்கு ஓகே சொல்லிட்டாங்க. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா, "பெரிம்மா, நா அழுவவே இல்ல, பேண்டேஜ்ல டைனோசர் போட்டிருக்கு"ன்னு. நம்ம ஊர்ல பஞ்ச வச்சு அமுக்கிப் புடிச்சுக்கன்னு சொல்றதோட சரி.

இவ்ளோ அலைஞ்சதுக்கப்புறம் சும்மா இருக்க முடியுமா, என் பையன் கார்டு எங்கன்னு தேட ஆரம்பிச்சேன். பத்தாவது படிக்கிறான், பதினாறு வயசுல டிடி ஊசி ஒன்னு இருக்கு, முன்னாடி டிடின்னா வெறும் ரணஜன்னிக்கு, இப்ப தொண்டை அடைப்பானும் சேத்து. ரெண்டு நாளா வீட்டப் பொரட்டிட்டேன், ஜாதகப் பையிலயும் இல்ல. நேத்து சாப்புடுறப்ப, "உன் ஊசி கார்ட காணும்டா, ஸ்கூல்ல ஊசி போடுவாங்க, அப்ப கேட்டா என்ன பண்ணுவ"ன்னேன். நிமிந்து கூட பாக்கல.

"அது போன வாரமே போட்டாச்சும்மா."

"எதுலடா எழுதுனாங்க?"

"பேரு கூப்பிட்டாங்க, போயி நின்னேன், நோட்டுல டிக் அடிச்சாங்க. கொழம்பு ஊத்து."